கட்டம் கட்டமாகத் தெரியும் தமிழ்: எழுத்துருவை மாற்றுவதா, பிரவுசரை மாற்றுவதா, கணினியையே மாற்றுவதா?

சிவகாசிப் பக்கம் ஓர் அச்சகத்தில் விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கைவிட முடியாததற்குக் காரணம், அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் என்ற மென்பொருள். 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அந்த மென்பொருளின் வளர்ச்சி நின்றது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடு அதற்குத் தெரியாது. ஆனால் இருபது வருடமாக அடித்த கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் அந்தக் கோப்புகளில்தான் இருக்கின்றன. போன வருடத்து நோட்டீஸில் தேதியையும் உபயதாரர் பெயரையும் மாற்றி இந்த வருடம் அடிப்பதுதான் அந்தத் தொழில் நடக்கிற விதம். அதனால் அந்தக் கணினியைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அச்சகத்து அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான். "தம்பி, இதுல நெட்டுல எந்தப் பக்கத்தத் தெறந்தாலும் தமிழு கட்டங்கட்டமா வருது. பார்ட்டி பென்டிரைவுல கொண்டு வர்ற மேட்டரும் அப்படித்தான். ஒரு ஃபாண்ட் ஏத்தி விட்டா சரியாயிரும்ல?"

பழைய கணினி வைத்திருப்பவர்கள் பலரும் என்னிடம் இதையேதான் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் முதலில் தேடுவது எழுத்துருவை. என் அனுபவத்தில் எழுத்துரு ஏற்றியதும் தீர்ந்துபோன கோளாறுகள் குறைவு. "எழுத்து தப்பாகத் தெரிகிறது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே இருப்பவை வெவ்வேறு நோய்கள். எந்த வழி நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன்னால், திரையில் சரியாக என்ன தெரிகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

திரையில் என்ன தெரிகிறது?

வெறும் கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தால், அந்த எழுத்துக்கு உருவம் தருகிற எழுத்துரு எதுவும் கணினியில் இல்லை என்று பொருள். பயர்பாக்ஸில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். அது கட்டத்துக்குள்ளேயே எழுத்தின் எண்ணைப் பொடியாக அச்சிட்டுக் காட்டும். தமிழ் எழுத்து என்றால் மேல் வரியில் எப்போதும் பூஜ்யமும் ஆங்கில 'பி'யும் இருக்கும். ககரத்துக்குக் கீழே 95 வரும். மேல் வரி 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்கினால், அது பெரும்பாலும் பக்கத்தின் பொத்தான்களுக்கும் சின்னங்களுக்கும் பயன்படும் தனி எழுத்துருவின் கோளாறு. தமிழ் எழுத்துரு ஏற்றுவதால் அது மாறாது.

தமிழ் நன்றாகத் தெரிந்து, நடுவில் ஓரிரு இடத்தில் மட்டும் கட்டம் விழுந்தால், எழுத்துரு இருக்கிறது, பழையதாக இருக்கிறது என்று அர்த்தம். 'ஶ' என்ற எழுத்தும் தமிழ்ப் பூஜ்யமும் 2005-இல்தான் யூனிகோடில் சேர்ந்தன. 'ௐ' 2008-இல் வந்தது. நம் ரூபாய்க் குறி '₹' 2010-இல். அவற்றுக்கு முன்னால் உருவான எழுத்துருவில் அவற்றுக்கு இடமே கிடையாது. விலைப்பட்டியலில் தொகைக்கு முன்னால் மட்டும் கட்டம் வருகிறது என்று பயந்துபோய்க் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மூன்றாவது வகையில் கட்டமே இருக்காது. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' அடைத்த பதிவுக் குறி, திரும்பவும் அதே 'ஏ' என்று மாறி மாறி வரும். எழுத்து பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது, பிரவுசர்தான் அதை வேறு கணக்கில் வாசிக்கிறது. யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டாகப் பயணிக்கும். 'தமிழ்' என்ற சொல் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட். பிரவுசர் ஒவ்வொரு பைட்டையும் ஒரு மேற்கத்திய எழுத்தாக எடுத்துக்கொண்டால் இந்தக் குப்பைதான் வரும். இதற்கு ஆயிரம் எழுத்துரு ஏற்றினாலும் பலன் இல்லை.

நான்காவது வகை எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தருவது. எழுத்துகள் எல்லாம் தமிழாகவே தெரியும், ஆனால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'கொ' என்பதில் கொம்பும் காலும் ககரத்தின் இரு பக்கமும் பிரியாமல் ஒரே பக்கம் ஒட்டிக்கொள்ளும். சில இடத்தில் கொம்பு ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியே தொங்கும். யூனிகோடில் எழுத்துகள் நாம் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன: முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. திரையில் காட்டும்போது கொம்பை இடம் மாற்றி வைப்பது இயங்குதளத்திலோ சில பிரவுசர்களுக்குள்ளேயோ உள்ள ஒரு பொறியின் வேலை. அந்தப் பொறி இல்லாத கணினியில், அல்லது இருந்தும் பிரவுசர் அதைக் கூப்பிடாத இடத்தில், தமிழ் இப்படி உருக்குலைந்து நிற்கும். பயர்பாக்ஸின் இரண்டாம் பதிப்பில், பத்தியின் இரு ஓரமும் நேராக வரும்படி அமைத்த பக்கங்கள் மட்டும் இப்படி உடைந்து தெரியும். 2008-இல் மூன்றாம் பதிப்பு வந்துதான் தீர்ந்தது.

ஐந்தாவது, பாமினி, டிஸ்கி, டாம், டாப் போன்ற பழைய குறியாக்கங்களில் (எழுத்துக்கு எண் ஒதுக்கும், யூனிகோடுக்கு முந்தைய முறைகளில்) அடித்த உரை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'ஜே, கே, பி, ஓ' என்ற நான்கு சின்ன ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். இந்த முறையில் கொம்பை முதலில் அடித்து, எழுத்தைப் பிறகு அடிக்கிறோம். அச்சுக் கோக்கிற வரிசை அது. இடம் மாற்றிவைக்கும் பொறி தேவைப்படாததால்தான் பேஜ்மேக்கர் போன்ற மென்பொருள் தமிழை இத்தனை காலம் சுமந்தது.

இதைத் தலைகீழாகப் புரட்டினால் ஆறாவது வகை. டிடிபி செய்கிற கணினிகளில் அடிக்கடி பார்க்கலாம்: ஆங்கிலப் பக்கம் திறந்தால் ஆங்கிலமெல்லாம் அர்த்தமில்லாத தமிழாக வரும். யாரோ ஒரு காலத்தில் பழைய தளம் ஒன்றைப் படிக்க, பிரவுசரின் இயல்பு எழுத்துருவாகப் பாமினியையோ வேறொன்றையோ வைத்துவிட்டு, திரும்ப மாற்ற மறந்திருப்பார்கள். அமைப்புகளுக்குள் போய் டைம்ஸ் நியூ ரோமனைத் திரும்ப வைத்தால் முடிந்தது.

செலவில்லாத வழி: குறியாக்கத்தை மாற்றிப் பார்ப்பது

மூன்றாவது வகைக் குப்பைக்கு இது ஒன்றே மருந்து. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் 'வியூ' பட்டியலில் 'என்கோடிங்' போய் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தால் அடுத்த நொடி தமிழ் வந்துவிடும். பழைய பயர்பாக்ஸிலும் இதே பட்டியல் உண்டு. டிஸ்கியில் சேமித்த பழைய பக்கங்களைப் படிக்க இங்கேயே 'யூசர் டிஃபைன்ட்' என்பதைத் தேர்ந்து, அதற்கு ஒரு டிஸ்கி எழுத்துருவை ஒதுக்க வேண்டும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்க கால மின்னூல்களை அந்நாளில் இறக்கி வைத்தவர்களுக்கு இந்த வழி நினைவிருக்கும்.

இதில் ஒரு விஷயத்தில் பழைய பிரவுசரே மேல். 2016 இறுதியில் வந்த குரோம் 55-இலிருந்து இந்தப் பட்டியல் எடுக்கப்பட்டுவிட்டது. பயர்பாக்ஸிலும் 2021-இல் 91-ஆம் பதிப்போடு பட்டியல் போய், 'எழுத்துக் குறியாக்கத்தைச் சரிசெய்' என்ற ஒரே கட்டளைதான் மிச்சம். அதனால் பழைய பக்கங்களைச் சேமித்து வைத்திருப்பவர்கள் பழைய பயர்பாக்ஸ் ஒன்றை இணைய இணைப்பே இல்லாத கணினியில் வைத்துக்கொள்வது தப்பில்லை.

எழுத்துரு ஏற்றுவது

முதல் இரண்டு வகைக்கு இது சரியான வழி. விண்டோஸ் 7-இல் லதா, விஜயா என்ற இரண்டு தமிழ் எழுத்துருக்களும் இருக்கின்றன. விண்டோஸ் 8-இலிருந்து நிர்மலா வந்தது. எனவே இந்த இயங்குதளங்களில் தமிழ் முழுக்கக் கட்டமாக வந்தால் யாரோ எழுத்துருவை அழித்திருக்கிறார்கள், அல்லது எழுத்துருக்களின் நினைவகக் கோப்பு கெட்டிருக்கிறது. ஆயிரம் எழுத்துரு ஏற்றிய டிடிபி கணினியில் இது சகஜம். தேவையில்லாதவற்றை நீக்கிவிட்டு, நோட்டோ சான்ஸ் தமிழோ லோஹித் தமிழோ ஒன்றை ஏற்றினால் போதும். இரண்டும் இலவசம்; ஏற்றுவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஏற்றிய எழுத்துருவைப் பிரவுசருக்குச் சொல்லிக் கொடுப்பதில் பயர்பாக்ஸ் ஒரு படி முன்னால் நிற்கிறது. அதன் எழுத்துரு அமைப்பில் மொழிப் பட்டியல் இருக்கிறது. தமிழைத் தேர்ந்து, தமிழுக்கு மட்டும் தனி எழுத்துரு வைக்கலாம். கூடவே, பக்கங்கள் தங்கள் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்த அனுமதிக்கும் ஒரு டிக் குறி இருக்கும். அதை எடுத்துவிட்டால் எல்லாத் தளமும் நீங்கள் வைத்த எழுத்துருவிலேயே தெரியும். தளம் அனுப்பும் எழுத்துருவைப் பழைய பிரவுசர் திறக்கத் தெரியாமல் திணறும்போது இந்த டிக் பெரிய உதவி. குரோமின் அமைப்பில் மொழிவாரியாகப் பிரிக்க இடம் இல்லை. பொதுவாக ஒன்றைத்தான் வைக்க முடியும்.

எக்ஸ்பியில் மட்டும் கதை வேறு. அங்கே எழுத்துருவை மட்டும் ஏற்றினால், பல மென்பொருள்களில் கட்டம் போய் நான்காவது வகைக் கோளாறு வந்து சேரும். கொம்பு இடம் மாறி நிற்கும். பொறி தூங்கிக்கொண்டிருக்கிறது, அதை எழுப்ப வேண்டும். கண்ட்ரோல் பேனலில் 'ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்', அதில் 'லாங்குவேஜஸ்' தாவல், அங்கே 'இன்ஸ்டால் ஃபைல்ஸ் ஃபார் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று தொடங்கும் வரிக்கு ஒரு டிக். சுமார் 10 எம்பி இடம் கேட்கும். எக்ஸ்பி சிடியையும் கேட்கும். அந்தச் சிடி இன்றைக்கு யார் வீட்டில் இருக்கிறது என்பதுதான் பெரும்பாடு. கிடைத்தால், ஏற்றி மறுபடி இயக்கியதும் லதாவும் சேர்ந்து வந்துவிடும். எக்ஸ்பியில் தமிழ் பார்க்க வேண்டும் என்றால் செய்ய வேண்டிய முதல் வேலை இது. தனி எழுத்துரு தேடுவதெல்லாம் பிறகு.

பிரவுசரை மாற்றுவது

என்னைக் கேட்டால், விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் நேராக இங்கே வந்துவிடலாம். மற்றதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை.

விண்டோஸ் 7-க்குக் கடைசியாக வந்த குரோம் 109, 2023 ஜனவரியில். அதோடு நின்றுவிட்டது. பயர்பாக்ஸில் 115 என்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்புதான் கடைசி. ஆனால் மற்றவர்கள் அதைத் தாண்டிப் போன பிறகும், விண்டோஸ் 7, 8, 8.1 போன்ற பழைய இயங்குதளங்கள் வைத்திருப்பவர்களுக்காக மட்டும் மொசில்லா அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவணை தவணையாக நீட்டித்து வந்தது. தமிழ் காட்டுவதில் இரண்டும் சமம். பாதுகாப்பிலும், மொழிக்கென எழுத்துரு வைக்கும் வசதியிலும் பயர்பாக்ஸ் மேல். விண்டோஸ் 7-இல் இன்னும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் திறப்பவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜூனில் அதை மைக்ரோசாஃப்டே ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. இன்றைய தளங்கள் பல அனுப்புகிற சுருக்கிய எழுத்துருக் கோப்பு வகையை அதன் கடைசிப் பதிப்பாலும் படிக்க முடியாது.

எக்ஸ்பிக்கு இந்தத் தெளிவு கிடையாது. குரோம் 49-உடன் 2016-இல் நின்றது. பயர்பாக்ஸ் 52-உடன் 2018-இல் நின்றது. இரண்டில் ஒன்றுதான் என்றால் பயர்பாக்ஸ் 52. காரணம் எழுத்துரு அன்று. பாதுகாப்பான தளங்களைத் திறக்கத் தேவையான சான்றிதழ்களைப் பயர்பாக்ஸ் தன்னிடமே வைத்திருக்கிறது. குரோம் எக்ஸ்பியின் பழைய இருப்பை நம்புகிறது. எக்ஸ்பியில் இருக்கும் எக்ஸ்புளோரர் 8-க்கோ இன்றைய தளங்களோடு கைகுலுக்கவே தெரியாது. தமிழ் சரியாகத் தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்கே இடமில்லாமல், பக்கமே திறக்காது. பயர்பாக்ஸ் 52-இலும் பக்கம் திறக்கும், தமிழும் வரும், ஆனால் இன்றைய தளங்கள் பலவற்றில் பொத்தான் அழுத்தினால் எதுவும் நடக்காது.

எக்ஸ்பி போன்ற பழைய விண்டோஸுக்காகவே, குரோமுக்கு அடிப்படையான குரோமியத்திலிருந்து திருத்திச் செய்யப்பட்ட சூப்பர்மியம் போன்ற பிரவுசர்களும் இருக்கின்றன. ஆர்வத்தோடும் உழைப்போடும் செய்யப்பட்டவை. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் கீழே இருக்கும் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-க்குப் பிறகு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் கிடையாது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, ஆதரவு முடிந்து மூன்று வருடம் கழித்து மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கு ஓர் அவசரத் திருத்தம் தர வேண்டி வந்தது. நிலைமை அந்த அளவுக்குப் போனது. மேலே எந்தப் பிரவுசர் இருந்தாலும், அந்தக் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லை அடிக்காதீர்கள்.

உரையை மாற்றுவது

ஐந்தாவது வகைக்கு உரிய வழி இது. எழுத்துருவை ஏற்றிப் படிப்பதைவிட, உரையையே யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. ஒரு தடவை செய்தால் பிறகு எந்தக் கணினியிலும் போனிலும் தெரியும், தேடினாலும் கிடைக்கும். முன்பு பயர்பாக்ஸுக்கு 'பத்மா' என்ற ஒரு நீட்சி இருந்தது. பழைய குறியாக்கத்தில் உள்ள பக்கத்தைத் திறக்கும்போதே யூனிகோடாக மாற்றிக் காட்டும். 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57 வந்து பழைய வகை நீட்சிகளை எல்லாம் நிறுத்தியதில் அந்த வசதியும் போயிற்று. இப்போது என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகள்தான் கதி. நன்றாகவே வேலை செய்கின்றன.

மாற்றிய பிறகு ஒரு முறை மெய்ப்புப் பார்க்காமல் விடக்கூடாது. ரகரமும் காலும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், பழைய காலத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அடித்திருப்பார்கள். மாற்றியதும் அந்தப் பிழை வெளியே வரும். 'ஔ' பல இடத்தில் 'ஒ'வும் 'ள'வுமாகப் பிரியும். இன்னொரு தொல்லை, பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால் வருவது. உரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றிக்கு அது தெரியாது. அதையும் தமிழாக்கி வைக்கும். எதிர்த்திசையிலும் அப்படித்தான். மணமகன் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் போட்ட பட்டம், பாமினிக்குப் போனதும் புரியாத தமிழ் எழுத்தாகிவிடும். கல்யாணப் பத்திரிகையில் அப்படி ஒன்று அச்சாகிப் போனால் அதைப் போல மானக்கேடு வேறு இல்லை.

இயங்குதளத்தை மாற்றுவது, அல்லது வேறு கருவியில் படிப்பது

பழைய கணினி 64 பிட்டாக இருந்து, நினைவகமும் ஓரளவு இருந்தால், இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போடலாம். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, சுபுண்டு, லுபுண்டு ஆகியவற்றைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்க முடியும். பிடித்தால் மட்டும் நிறுவிக்கொள்ளலாம். லோஹித் தமிழ் இல்லாவிட்டால் ஒரே கட்டளையில் வந்துவிடும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் மட்டும் கணினி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. பேஜ்மேக்கரை நம்பி இருப்பவருக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன்.

புதிய விண்டோஸ் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10, 11-இல் இயல்பாக இருப்பது நிர்மலா. லதாவில் அமைத்த பழைய கோப்புகள் உருமாறித் தெரிந்தால், விருப்ப அம்சங்களில் உள்ள தமிழ்த் துணை எழுத்துருத் தொகுப்பை ஏற்றிக்கொள்ள வேண்டும். லதாவும் விஜயாவும் அதற்குள் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.

ஜாவா போன்களிலும் தொடக்க கால ஆண்ட்ராய்டிலும் தமிழே தெரியாத காலத்தில் நம்மைக் காப்பாற்றியது ஒபேரா மினி. முகவரிப் பட்டையில் ஒபேரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து, கடைசி வரிகளில் இருக்கும் 'பிட்மேப் ஃபாண்ட்' அமைப்புக்கு 'யெஸ்' கொடுத்தால், ஒபேராவின் சர்வரே எழுத்துகளைப் படமாக்கி அனுப்பும். போனில் எழுத்துருவும் வேண்டாம், பொறியும் வேண்டாம். எழுத்து படமாக வருவதால் நகலெடுக்க முடியாது, டேட்டா கொஞ்சம் கூடும். ஆனால் நோக்கியா பட்டன் போனில் முதல்முதலாகத் தமிழ்ச் செய்தியை முழுசாகப் படித்த அன்றைய சந்தோஷம் எனக்கு இன்றும் பசுமையாக இருக்கிறது.

அண்ணாச்சியின் கணினியில் என்ன செய்தோம்?

முதலில் எக்ஸ்பி சிடியைத் தேடி எடுத்து, பொறியை எழுப்பினோம். கட்டங்கள் போய்ப் பென்டிரைவு மேட்டர் சரியான தமிழாகத் திறந்தது. அண்ணாச்சிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அந்த உரையைப் பேஜ்மேக்கரில் ஒட்டினார். வரிவரியாகக் கேள்விக்குறிகள் விழுந்தன. அப்போதுதான் அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே புரிந்தது. அவருக்குத் தேவை யூனிகோடு மேட்டரை அந்தக் கணினியில் பார்ப்பது இல்லை. அது பேஜ்மேக்கருக்குப் புரிகிற குறியாக்கத்தில் வந்து சேர வேண்டும்.

அவருடைய மகள் படிக்க வைத்திருக்கும் மடிக்கணினியில் மாற்றியை ஏற்றினோம். மேட்டர் அங்கே வரும், அங்கேயே மாற்றப்படும், பென்டிரைவில் எக்ஸ்பிக்குப் போகும். எக்ஸ்பியின் இணைய வயரைக் கழற்றிவிட்டோம். எக்ஸ்பியையே அந்த மடிக்கணினிக்குள் மெய்நிகர் கணினியாக வைத்து, பழைய பெட்டிக்கு விடைகொடுக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். தொழில்நுட்பமாக அதுதான் நீண்ட நாள் நிற்கும் வழி. ஆனால் அவருடைய தமிழ் மென்பொருள் பெட்டியின் பின்னால் சொருகிய ஒரு டாங்கிளைக் (உரிமம் இருக்கிறதா என்று சோதிக்க உதவும் சாவி போன்ற சின்னக் கருவியை) கேட்கிறது. அந்தத் துளை மடிக்கணினியில் கிடையாது. பெட்டி இருக்கிற வரை இருக்கட்டும் என்று விட்டோம். பேஜ்மேக்கர் கோப்புகள் அனைத்தையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அந்த எழுத்துருக் கோப்புகளையும் கூடவே போட்டு வைத்தேன். எழுத்துரு இல்லாமல் அந்தக் கோப்புகளை நாளைக்கு யாராலும் படிக்க முடியாது.